ஆயிரம் பேர் வரவில்லை

முசஃபாவில் வியாழன் இரவு மின்சாரம் போனது.
பதினோரு நிமிடம்.
ஜெனரேட்டர் இருமி எழுவதற்குள்
சர்வர் அறை அடுப்பாகிவிட்டது.
உயிர் வந்ததும் பார்த்தேன்:
ஊழியர் அட்டவணையில் கடைசி ஆள் 4117.
அவருக்குப் பின் பதிந்த பெயின்டருக்கு
5118.

நடுவில் யாரும் இல்லை.

திங்கட்கிழமை கணக்காய்வாளர் வாகீத் வந்தார்.
எகிப்துக்காரர்.
பேனாவால் மேஜையைத் தட்டியபடி கேட்பவர்.
"ஆயிரம் பேர் எங்கே?
அவர்கள் சம்பளம் யார் பையில்?"

எண் கொடுக்கும் எந்திரம்
ஒவ்வொன்றாக எடுப்பதில்லை சார் என்றேன்.
கல்யாணப் பந்தியில் இலை போடுகிறவன் மாதிரி
ஒரு கட்டை முன்னாலேயே அக்குளில் இடுக்கிக்கொள்ளும்.
விளக்கு அணைந்தால் கட்டு விழும்.
விழுந்ததைக் குனிந்து பொறுக்காது,
புதுக் கட்டைப் பிரிக்கும்.

அவருக்குப் பந்தியும் தெரியவில்லை, இலையும் தெரியவில்லை.
எழுதிக் கொடு என்றார்.

பாதி எழுதியிருந்தபோது
கேம்ப் எழுத்தர் பிச்சைக்கனியின் போன்.
"மேடம், நாலு பேர் மெஸ் கதவுல நிக்கிறாங்க.
நம்பர் அடிச்சா சிவப்பு எரியுது.
வியாழன் ராத்திரி கரன்ட் இல்லாதப்ப
ஏர்போர்ட் பஸ்ல வந்து இறங்கினவங்க.
நான்தான் சீட்டுல நம்பர் எழுதிக் குடுத்தேன்.
மூணு நாளா என் பேர்ல சோறு எடுத்தாச்சு, இனி முடியாது."

என்ன நம்பர் கொடுத்தீங்க?

"இதென்ன கேள்வி.
நாலாயிரத்து நூத்திப் பதினேழுக்கு அப்புறம் என்ன வரும்?"

எந்திரத்துக்கு அது தெரியவில்லை என்று
அவரிடம் நான் சொல்லவில்லை.

தானாக எண் விழும் இடத்தில்
கையால் எண் எழுத ஒரு கட்டளை உண்டு.
திறந்தால் மறக்காமல் மூட வேண்டும்.
திறந்தேன்.
4118, சுரத் பாஸ்வான், கம்பி கட்டுபவர்.
4119, தில்பகதூர் மகர், கொத்தனார்.
4120, ரஃபீகுல் இஸ்லாம், தகப்பன் நூருல் இஸ்லாம்,
பிறப்பு ஜனவரி ஒன்று.
4121, ரஃபீகுல் இஸ்லாம், தகப்பன் நூருல் இஸ்லாம்,
பிறப்பு ஜனவரி ஒன்று.

விரல் நின்றது.
ஒரே ஆளை இரண்டு முறை அடித்துவிட்டேனா?

"ரெண்டு பேர் மேடம். ஒருத்தர் கட்டை, ஒருத்தர் நெட்டை.
பொறந்த நாள் தெரியாதவங்களுக்கு
ஏஜென்ட் போடுற தேதி அது."
உயரத்துக்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை.
போனுக்குள் சிரிப்புச் சத்தம்.
ஒருவர் மற்றவரை 'ஏகுஷ்' என்று கூப்பிடுகிறார்.
வங்காளத்தில் இருபத்தொன்றாம்.
வந்த மூன்றாம் நாளே
தங்களுக்குள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பச்சை எரிந்தது. மூடினேன்.

வாகீத்துக்கான கடிதத்தில்
'மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு பேர்' என்று தொடங்கி,
பேர் என்பதை அடித்துவிட்டு
எண்கள் என்று எழுதினேன்.

மார்ச்சில் சாரம் சரிந்தது.
4120 முதுகில் கட்டோடு டாக்கா போனார்.
கட்டிலுக்கு அன்று மாலையே ஆள் வந்தார்.
ஹெல்மெட்டைக் கழுவி வேறொருவர் போட்டுக்கொண்டார்.
எச்.ஆரில் கேட்டார்கள்:
அந்த நம்பரும் சும்மாதானே கிடக்கு,
புது ஆளுக்குக் குடுத்தா என்ன?

குடுக்க முடியாது.
ஆஸ்பத்திரிச் சீட்டு, விபத்து அறிக்கை,
பாக்கி நிற்கும் பதினேழு நாள் ஓவர்டைம்
எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.
புதியவர் அதில் உட்கார்ந்தால்
முதுகுவலியும் அவர் பேரில் ஏறும்,
பணமும் ஏறும்.

வரிசையை அழிக்கவில்லை.
கடைசிக் கட்டத்தில் இருந்த ஒன்றைச் சுழியாக்கினேன்.

நேற்று மெஸ் வாசலின் பதிவைப் புரட்டினேன்.
இரவு 8:42, 4120, சிவப்பு.
இரவு 8:42, 4121, பச்சை.
விரல் தவறியிருக்கலாம்.
அதற்கு முந்தின நாளும்
அப்படித்தான் இருந்தது.